வாசற்படியில் தொடங்கும் எழுப்புதல்

வேதபாடம்
வாசிக்க: ரோமர் 12:9-13, லூக்கா 14:12-14, எபிரெயர் 13:1-3, 3 யோவான்



எழுப்புதல் வேண்டும் என்று நாம் ஜெபிக்கிறோம். உபவாசக் கூட்டத்திலும் முழு இரவு ஜெபத்திலும் கண்ணீரோடு கேட்கிறோம். ஆத்துமாக்களைத் தாரும், ஜனக்கூட்டத்தைத் தாரும் என்று கேட்கிறோம். கேட்பது நல்லது. ஆனால் கர்த்தர் அந்த ஜனங்களை நிஜமாகவே அனுப்பிவிட்டால் அவர்களை எங்கே உட்கார வைப்போம்? ஆலயத்தில் நாற்காலி போட்டுவிடலாம். நம்முடைய வீட்டில் இடம் உண்டா? நம்முடைய சாப்பாட்டில் பங்கு உண்டா? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

1. வேதம் சொல்லுகிற உபசரிப்பு எது?

ரோமர் 12:13-லும் எபிரெயர் 13:2-லும் உபசரிப்பைக் குறிக்க வருகிற கிரேக்க வார்த்தை 'பிலோக்சேனியா'. அதைப் பிரித்துப் பார்த்தால் அந்நியர்மேல் வைக்கிற அன்பு என்று அர்த்தம். சொந்தக்காரரை அழைத்துச் சாப்பாடு போடுவது இந்த வார்த்தைக்குள் அடங்காது. நம்மைத் தெரியாதவர், நாம் அறியாதவர், அவர்மேல் அன்பு வைக்க வேண்டும்.

நம்முடைய தமிழும் இதையேதான் சொல்லுகிறது, பாருங்கள். 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை, புதிதாய் வந்தவர். பிரியாணியும் கேசரியும் பிற்பாடு வந்த பொருள்! திருவள்ளுவரும் விருந்தோம்பலுக்கு என்றே ஒரு முழு அதிகாரத்தை ஒதுக்கினார். குறளில் அது 9-வது அதிகாரம். இப்படிப்பட்ட மொழியைப் பேசுகிற நாம் இன்றைக்கு யாரை விருந்துக்கு அழைக்கிறோம்? மச்சான் வருகிறார், சம்பந்தி வருகிறார், ஆபீஸ் மேனேஜர் வருகிறார். போன தடவை அவர்கள் வீட்டில் சாப்பிட்டோம், இந்தத் தடவை நம் வீட்டில். இது கொடுக்கல் வாங்கல்.

லூக்கா 14-ம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு பரிசேயத் தலைவனுடைய வீட்டில், அவனுடைய பந்தியிலேயே உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னார். திரும்ப அழைக்கக்கூடியவர்களை அழைத்தால் அங்கேயே கணக்கு தீர்ந்துபோகிறது; பதில் செய்ய வழியில்லாத ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் அழைத்தால் அந்தக் கணக்கை உயிர்த்தெழுதலில் தேவன் தாமே தீர்ப்பார் என்றார். தேவ பிள்ளையே, பரலோகத்தில் உன் பேரில் அப்படி எழுதப்பட்ட ஒரு சாப்பாடாவது உண்டா?

இன்னொன்றையும் கவனியுங்கள். 1 தீமோத்தேயு 3:2-லும் தீத்து 1:8-லும் கண்காணியின் தகுதிகளில் ஒன்றாக இது வைக்கப்பட்டிருக்கிறது. பிரசங்கம் பண்ணத் தெரிந்தால் போதாது. அந்நியரை உபசரிக்கத் தெரியாதவன் சபையை நடத்தத் தகுதி இல்லாதவன் என்று பவுல் எண்ணியிருக்கிறார். மேடையில் நிற்கிற எங்களுக்கு முதலில் இந்தப் பாடம்.

2. பூட்டின கதவும் திறந்த வீடும்

பெந்தெகொஸ்தே மக்களாகிய நாம் அசுசா தெரு எழுப்புதலைப் பற்றி அடிக்கடி பேசுகிறோம். அது எப்படி ஆரம்பித்தது என்று யோசித்திருக்கிறோமா?

வில்லியம் சீமோர் என்கிற கறுப்பின ஊழியக்காரர். அடிமைகளாயிருந்து விடுதலையானவர்களின் மகன். ஒரு கண்ணில் பார்வை இல்லாதவர். ஹூஸ்டன் பட்டணத்து வேதபாட வகுப்பில், அந்நாளின் நிறவேற்றுமையினிமித்தம், வகுப்பறைக்கு வெளியே உட்கார்ந்து பாடம் கேட்டவர். 1906 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த ஒரு சிறிய பரிசுத்த சபை அவரை ஊழியத்துக்கு அழைத்தது. அவர் பிரசங்கித்த உபதேசம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர் திரும்பி வந்தபோது கதவு பூட்டியிருந்தது! அழைத்த சபையே பூட்டிவிட்டது. ஊரில் வேறு யாரையும் தெரியாது. கையில் பணமும் இல்லை.

அப்போது எட்வர்ட் லீ என்பவர் அவரைத் தம்முடைய வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். பெரிய பணக்காரர் அல்ல. ஒரு வங்கியில் கூட்டிப் பெருக்கித் துடைக்கிற வேலை செய்தவர். அவர் வீட்டில் ஜெபம் தொடங்கியது. இடம் போதாமல் போனபோது, ரிச்சர்ட், ரூத் ஆஸ்பெரி என்ற தம்பதியர் போனி பிரே தெருவிலுள்ள தங்கள் வீட்டைத் திறந்துவிட்டார்கள். 1906 ஏப்ரல் 9 அன்று அந்த நாட்களில்தான் ஆவியானவர் ஊற்றப்பட்டார். ஜனங்கள் குவிந்து வீடு கொள்ளாமல் போன பிறகே அசுசா தெருவில் இருந்த பழைய கட்டிடத்துக்குப் போனார்கள்.

பிரியமானவர்களே, அந்தத் துடைப்பக்காரச் சகோதரன், "எனக்கே இடமில்லை, ஊழியக்காரருக்கு எங்கே இடம்?" என்று சொல்லியிருந்தால்? கர்த்தர் வேறு வழியைத் திறந்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆசீர்வாதம் லீயின் வீட்டைத் தாண்டிப் போயிருக்கும். பூட்டின சபையின் பெயரை இன்று யார் நினைக்கிறார்கள்?

3 யோவானிலும் இதே இரண்டு பேரைத்தான் பார்க்கிறோம். காயு அந்நியரான சகோதரரை ஏற்றுக்கொண்டு வழிவிட்டு அனுப்பினவன். தியோத்திரேப்பு ஏற்றுக்கொள்ளாததோடு, ஏற்றுக்கொள்ள மனதாயிருந்தவர்களையும் தடுத்து, சபைக்குப் புறம்பாக்கினவன். இரண்டு பேரும் சபைக்காரர்கள். இரண்டு பேரும் ஆராதனைக்கு வந்தவர்கள். வித்தியாசம் வாசலில்தான் தெரிந்தது.

3. பந்தியில் தெரிந்துவிடும்

கலாத்தியர் 2:11-14-ல் பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளுகிறார். பேதுரு செய்த தவறு என்ன? தப்பான பிரசங்கமா? இல்லை. சாப்பாட்டுப் பந்தியை விட்டு எழுந்து விலகினான். அவ்வளவுதான். ஆனால் அது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ற நடை அல்ல என்று பவுல் கண்டார்.

நம்முடைய தேசத்தில் இந்தப் பிரச்சினைக்குச் சாதி என்று பெயர். 1850-ல் சென்னையில் கூடின மிஷனெரிமார் மாநாடு இதைப் பற்றி ஆழமாக ஆலோசித்தது. ஒருவன் சாதியை விட்டுவிட்டான் என்பதற்கு வாய்வார்த்தை போதாது, தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை அவன் சாப்பிடுகிறானா என்று பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அப்போது பலருக்கு அது கசந்தது. ராப்போஜனத்துக்கு முழங்காற்படியிட்டவர்கள்கூட இந்தச் சாப்பாட்டுக்கு உட்கார மறுத்தார்கள்.

ஒன்றே முக்கால் நூற்றாண்டு போய்விட்டது. இன்றைக்கு நாம் வெளிப்படையாக மறுப்பதில்லை. "வாங்க பிரதர், வாங்க சிஸ்டர்" என்கிறோம். சபையில் கை குலுக்குகிறோம். ஆனால் நம் வீட்டுச் சமையலறை வரைக்கும் யார் வருகிறார்கள்? நாம் யார் வீட்டில் தயங்காமல் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம்? வீட்டு வேலைக்கு வருகிற சகோதரி ஆராதனையில் நம்மோடு அந்நியபாஷை பேசுகிறாள். திங்கட்கிழமை அவளுக்கென்று ஒரு தனி டம்ளர். யாக்கோபு 2:1-4-ஐ எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் நம்மை நாமே சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரே அப்பத்தில் பங்கு பெறுகிறவர்கள் ஒரே டம்ளரில் பங்கு பெற முடியாதா?

4. நம்முடைய பட்டணத்தில் வாசலில் நிற்கிறவர் யார்?

நாம் குடியிருக்கிற பகுதியைக் கொஞ்சம் பார்ப்போம். அப்போஸ்தலனாகிய தோமா கி.பி. 52-ல் இந்தியாவுக்கு வந்து, மயிலாப்பூரில் ஊழியம் செய்து, கி.பி. 72-ல் இரத்தசாட்சியாய் மரித்தார் என்பது வழிவழியாய் வந்த பாரம்பரியம். அப்படியானால் மொழி தெரியாத ஒரு வெளிதேசத்தானுக்கு இந்த மயிலாப்பூரில் யாரோ ஒருவர் திண்ணையில் இடம் கொடுத்து, சோறும் கொடுத்திருக்க வேண்டும். அவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும்.

இப்போது தி.நகருக்கு வாருங்கள். ரங்கநாதன் தெரு, உஸ்மான் ரோடு கடைகளில் சேலை விரித்துக் காட்டுகிற பிள்ளைகளில் அநேகர் தென் மாவட்டத்துப் பிள்ளைகள். நம் ஊர்ப் பிள்ளைகள். காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை. அவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல்தான் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஆராதனை நாள். அவர்களுக்கோ வியாபாரம் அதிகமான நாள். வார விடுப்பு வேறொரு நாளில் வரும்.

வேறொரு சபையின் மூப்பர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "புதன்கிழமை வேதபாடத்துக்கு ஒரு தம்பி வந்துக்கிட்டிருந்தான் பிரதர். கடைல வேலை. கடைசி வரிசைல, செருப்பு கிடக்கிற இடத்துக்கிட்ட உக்காருவான். ஆறு வாரம் வந்தான். ஏழாவது வாரம் வரல. விசாரிக்கலாம்னு பார்த்தா, அவன் பேரு ஒருத்தருக்கும் தெரியல. எந்தக் கடைன்னும் தெரியல." அந்த மூப்பர் இதைச் சொல்லும்போது அழுதார். ஆறு வாரம்! ஒருவராவது, "தம்பி, சாப்பிட்டியா? எங்க தங்கியிருக்க?" என்று கேட்டிருக்கலாம். அவன் ஊரில் அவனுக்காக ஜெபிக்கிற ஒரு தாயார் இருந்திருக்கலாம். பட்டணத்தில் என் பிள்ளையை யாராவது ஒரு விசுவாசி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஜெபமாயிருந்தால், அதற்குப் பதிலாய் இருந்திருக்க வேண்டியது யார்?

அடையாறுக்கு வாருங்கள். அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனைக்குத் தூரமான ஜில்லாக்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், சிலருக்கு ஆறேழு வாரம்கூட ஆகும். நோயாளிக்கு மருத்துவமனை உண்டு. கூட வந்த கணவனுக்கும் தாய்க்கும் யார் உண்டு? எங்கே குளிப்பார்கள், எங்கே சமைப்பார்கள், யாரிடத்தில் அழுவார்கள்?

அந்த மருத்துவமனையின் ஆரம்பத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கை புற்றுநோயால் மரித்ததைக் கண்டு, அந்தப் பாரத்தை அநேக ஆண்டுகள் சுமந்தார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் மருத்துவமனை தொடங்கியது. அதற்கு முன்பே, 1930-களின் தொடக்கத்தில், போக்கிடமில்லாத பெண்பிள்ளைகள் தம் வீட்டு வாசலுக்கு வந்தபோது அவர்களை உள்ளே சேர்த்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. அவர் நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆனால் அப்போஸ்தலர் 28:2-ஐ வாசியுங்கள். கப்பற்சேதத்தில் தப்பி, மழையில் நனைந்து நடுங்கின பவுலுக்கும் கூட இருந்தவர்களுக்கும் நெருப்பு மூட்டிக் கொடுத்தவர்கள் மெலித்தா தீவின் அந்நிய ஜனங்கள். லூக்கா அதை மறைக்காமல் நன்றியோடு எழுதி வைத்தார். சத்தியத்தை அறியாதவர்கள் இவ்வளவு செய்தால், அறிந்த நாம் எவ்வளவு செய்ய வேண்டும்!

நாமும் செய்யத் தெரியாதவர்கள் அல்ல. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தபோது, பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் கடலோரத்து ஜனங்கள் உடுத்தின துணியோடு ஓடி வந்தார்கள். ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் அவர்களுக்குத் திறக்கப்பட்டன. 2015 டிசம்பர் 1-ந்தேதி பெய்த பெருமழையை யார் மறப்பார்? ஒரே நாளில் தாம்பரத்தில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை வீடுகளுக்குள் புகுந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. அந்த நாட்களில் யார் என்ன சாதி, எந்த மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோவிலும் மசூதியும் சபையும் கல்யாண மண்டபமும் திறந்திருந்தன. மாடி வீட்டுக்காரர் கீழ்வீட்டுக்காரரை மேலே ஏற்றிக்கொண்டார். பத்து வருஷம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும் பேசாதவர்கள் ஒரே பாயில் படுத்தார்கள்.

தண்ணீர் வடிந்தது. கதவுகளும் சாத்திக்கொண்டன. வெள்ளம் வந்தால்தான் கதவு திறக்கும் என்றால், நம்மைத் திறந்தது அன்பா, வெள்ளமா? தினந்தோறும் ஒரு குடும்பத்துக்குள் வெள்ளம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அது டி.வி.யில் வருவதில்லை, அவ்வளவுதான்.

5. "எங்க வீடு சின்னது பிரதர்"

இந்தப் பாடத்தை வீட்டுக் கூட்டங்களில் எடுக்கும்போது விசுவாசிகள் என்னிடம் சொல்லுகிற தடைகள் நான்கு. நியாயமான தடைகள்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, இடம். "ஒரு ரூம், ஒரு ஹால். இதுல யாரைக் கூப்பிடுறது?" சூனேமியாள் எலிசாவுக்கு அரண்மனை கட்டவில்லை. மெத்தையின்மேல் ஒரு சிறிய அறை. அதில் ஒரு கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு (2 இராஜாக்கள் 4:10). தங்க வைக்க இடமில்லையா? ஒரு வேளை சாப்பிட வைக்கலாம். அதற்கும் இடமில்லையா? ஒரு டிபன் பாக்ஸ் சாப்பாட்டை மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுபோகலாம். ஒன்று கவனியுங்கள்: சிகிச்சையில் இருப்பவர்களுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பார். கேட்டுக்கொண்டு சமையுங்கள். கேட்பதும் அன்புதான்.

இரண்டாவது, பணம். சாறிபாத் விதவையிடம் இருந்தது ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும் (1 இராஜாக்கள் 17:12). நம் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டார்களே, பிடி அரிசிக் காணிக்கை, அது எங்கே போயிற்று? மிசோரம் சபைகளில் 1910 முதல் அந்தப் பழக்கம் நின்றுபோகாமல் நடக்கிறது. அந்தக் கைப்பிடி அரிசியால் மிஷனெரிகளைத் தாங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிடி 50 கிராம் என்றால் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. 40 வீடுகள் சேர்ந்தால் 60 கிலோ. யாருக்காவது பட்டினி வந்ததா? பானை குறைந்ததாகத் தெரியாது. ஆனால் மூன்று ஏழைக் குடும்பம் மாதம் முழுவதும் சாப்பிடும்.

மூன்றாவது, பயம். "ஏமாத்திட்டா என்ன செய்றது?" இதை விசுவாசக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். ஆதி சபைக்கும் இந்த அனுபவம் உண்டு. 'டிடாக்கே' என்ற ஆதிகால உபதேசப் புத்தகத்தில் இதற்கென்று ஒழுங்கே இருக்கிறது. வழிப்போக்கனாய் வருகிறவனை இரண்டு மூன்று நாள் தாங்க வேண்டும். நிலையாய்த் தங்க விரும்பினால் அவன் வேலை செய்து சாப்பிட வேண்டும். ஊழியக்காரன் என்று சொல்லிக்கொண்டு பணம் கேட்டால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. யோவானும் கள்ள உபதேசக்காரனை வீட்டில் ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்று எழுதினார் (2 யோவான் 10). ஆகவே தனியாகச் செய்யாதீர்கள். இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து செய்யுங்கள். மூப்பருக்குத் தெரியப்படுத்துங்கள். வயசுப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில், பெண்கள் தனித்திருக்கிற வீட்டில், அறியாதவரை இராத்தங்க வைக்க வேண்டாம். அதற்குச் சபை அறை இருக்கிறது. ஜாக்கிரதை வேண்டும். ஆனால் ஜாக்கிரதை என்ற பேரில் கதவுக்கு நிரந்தரப் பூட்டுப் போட்டுவிடக் கூடாது.

நான்காவதை யாரும் வாயால் சொல்லுவதில்லை. சமையலறையில் பாத்திரம் உருள்கிற சத்தத்தில் தெரியும். அண்ணன் தாராளமாகப் பத்துப் பேரை அழைத்துவிடுவார். ஹாலில் உட்கார்ந்து கிருபையைப் பற்றிப் பேசுவார். அண்ணி ஒருத்தியே காலையிலிருந்து அடுப்படியில் நிற்பாள். 1 பேதுரு 4:9 முறுமுறுப்பு இல்லாமல் உபசரிக்கச் சொல்லுகிறது. முறுமுறுப்பு எங்கேயிருந்து வருகிறது? பாரம் முழுவதையும் ஒருத்தி தலையில் ஏற்றி வைப்பதிலிருந்து வருகிறது. ஆபிரகாம் நூறு வயதை நெருங்கினவர். ஆனாலும் மாட்டு மந்தைக்குத் தாமே ஓடினார் (ஆதியாகமம் 18:7). உயிர்த்தெழுந்த ஆண்டவரே கரி நெருப்பில் மீன் சுட்டுச் சீஷருக்குப் பரிமாறினார் (யோவான் 21:9-13). சகோதரரே, வெங்காயம் நறுக்குங்கள், எச்சில் தட்டைக் கழுவுங்கள். அபிஷேகம் குறைந்துபோகாது!

6. நாம் செய்ய வேண்டியது

இந்த மாதத்தில் ஒவ்வொரு குடும்பமும் மூன்று காரியம் செய்யும்படி கர்த்தருக்குள் கேட்டுக்கொள்ளுகிறேன்.

அ. ஆராதனை முடிந்தவுடனே பழகினவர்களிடம் போகாமல், முதல் ஐந்து நிமிஷம் புதிதாய் வந்தவரிடம் போங்கள். பெயர், ஊர், தங்கியிருக்கிற இடம் மூன்றையும் கேளுங்கள். அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

ஆ. மாதத்தில் ஒரு வேளையாவது, திரும்ப அழைக்க முடியாத ஒருவரை உங்கள் பந்தியில் உட்கார வையுங்கள். தனியாய்ச் சமைக்க வேண்டாம். அன்றைக்கு வைத்த ரசமும் ஒரு பொரியலும் போதும். ஞாயிறு லீவு கிடைக்காத கடைப்பிள்ளைகளுக்கு அவர்களுடைய லீவு நாளில் வையுங்கள்.

இ. சமையலறையில் பிடி அரிசிக்கு ஒரு டப்பா வையுங்கள். பிள்ளைகள் கையால் போடச் சொல்லுங்கள். மாதக் கடைசி ஞாயிறு கொண்டுவாருங்கள்.

தியானத்துக்குக் கேள்விகள்:
1. கடந்த ஒரு வருஷத்தில் உங்கள் வீட்டில் சாப்பிட்டவர்களை எண்ணுங்கள். அவர்களில் சொந்தமும் சிநேகமும் அல்லாதவர் எத்தனை பேர்?
2. நீங்கள் சாப்பிடத் தயங்குகிற விசுவாசியின் வீடு உண்டா? ஏன்?
3. காயு, தியோத்திரேப்பு இருவரில், உங்கள் வாசல் யாருடைய வாசலைப் போல இருக்கிறது?
4. நம் சபையில் வந்து நின்றுபோன ஒருவரை நினைவுகூருங்கள். இந்த வாரமே அவரைத் தேடிப்போக உங்களோடு யார் வருவார்?

ஜெபிப்போம்: அன்பின் பரம பிதாவே, சத்திரத்தில் இடமில்லாமல் முன்னணையில் பிறந்த உமது குமாரனுக்காக ஸ்தோத்திரம். அந்நியராயிருந்த எங்களை உமது வீட்டாராக்கி, உமது பந்தியில் உட்கார வைத்தீரே, ஸ்தோத்திரம். எங்கள் வீடுகளைத் திறந்தருளும். எங்கள் கைகளைத் திறந்தருளும். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேர் தெரியாமல் போய்விட்ட அந்தத் தம்பி இன்று எங்கேயிருந்தாலும் அவனை நினைத்தருளும். உம்மைச் சேர்ந்த ஒரு வீட்டின் வாசலை அவனுக்குக் காண்பியும். அடுத்த தம்பி வரும்போது எங்களை ஆயத்தமுள்ளவர்களாகக் காணப்பண்ணும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும், உங்கள் வாசலில் வருகிறவர்களையும் ஆசீர்வதிப்பாராக. அல்லேலூயா!